தோல் லாட்டிலிருந்து இ-வே பில் வரை: வேலைப் போக்கை வரைந்து, வலைச் சேவைகளால் ஓட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பழைய வட ஆற்காட்டு ஊர்களில் இருக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள், ஷூ அப்பர் தைக்கும் யூனிட்டுகள். அங்கே இருக்கும் முதலாளிகள், கணக்குப் பிரிவில் இருப்பவர்கள், காட்பாடி பக்கம் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

பிசினஸ் பிராசஸ் என்கிறீர்களே, அது எங்கள் டேனரியில் எங்கே இருக்கிறது?

ஒரு ஆர்டர் வந்ததிலிருந்து பணம் வந்து சேரும் வரை யார், எதை, எதற்கு அப்புறம், எந்த நிபந்தனையில் செய்கிறார்கள் என்ற வரிசைதான் அது. இத்தாலியில் இருக்கும் ஒருவர் 20,000 சதுர அடி கறுப்பு ஷூ அப்பர் தோல் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெட் புளூ (குரோமியத்தில் பதனிட்ட ஈரத் தோல்) கையிருப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் க்ரஸ்ட் (உலர்த்திய, இன்னும் ஃபினிஷிங் ஆகாத தோல்) ஆக்க வேண்டும். ஷேட் (நிறச் சாயல்) சரியா என்று ஒரு ஸ்வாட்ச்சை, அதாவது மாதிரித் துண்டை, கூரியரில் அனுப்பி, அவர் சம்மதம் சொன்ன பிறகு ஃபினிஷிங். பிறகு லேப் டெஸ்ட், அளவெடுப்பு, பேக்கிங், இன்வாய்ஸ், இ-வே பில் (சரக்கை நகர்த்த அரசு போர்ட்டலில் எடுக்கும் மின் சீட்டு), சென்னைத் துறைமுகத்துக்கு லாரி.

கையிருப்பு எக்செலில் இருக்கிறது, கணக்கு டேலியில் இருக்கிறது, ஷேட் சம்மதம் மெர்ச்சண்டைசரின் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, இன்வாய்ஸ் குறிப்பு எண் அரசு போர்ட்டலில் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கொண்டு போவது ஒரு ஆள். அந்த ஆள் லீவு போட்ட நாளில் எது நிற்கிறதோ, அதுதான் உங்கள் பிராசஸ்.

எங்கள் மேனேஜருக்கு எல்லாம் அத்துப்படி. அதை எதற்குப் படமாக வரைய வேண்டும்?

ஆம்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பொறுப்பாளர், கணக்கர், முதலாளி மூவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே ஆர்டரின் பாதையை வரைந்தேன். எல்லாம் நல்லபடியாக நடந்தால் போகும் வழி மூன்று படத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: குரோமியம் ஆறு (குரோமியத்தின் கெடுதலான வடிவம்) சோதனையில் லாட், அதாவது சேர்ந்து பதனிடும் ஒரு தொகுதித் தோல், தேறாவிட்டால் என்ன செய்வீர்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தில் உடலில் படும்படி பயன்படுத்தும் தோல் பொருள்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற விதி 2015 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. அதனால் இது கற்பனைக் கேள்வி இல்லை.

உற்பத்திப் பொறுப்பாளர், மறுபடி டிரம்மில் போட்டுச் சரி செய்வோம் என்றார். கணக்கர், அதற்குள் இன்வாய்ஸ் எடுத்திருப்போமே என்றார். முதலாளி, முதலில் வாங்குபவரிடம் பேச வேண்டும், கப்பல் தேதி தள்ளிப்போகும் என்றார். மூவரும் சொன்னது உண்மை. ஆனால் ஒருவர் சொன்னது மற்ற இருவருக்கும் தெரியாது.

நேராகப் போகும் வழியை அரை மணி நேரத்தில் வரைந்துவிடலாம். வழி தவறும் இடங்களை வரையத்தான் நாள் பிடிக்கும். அந்த நாள்களை மிச்சம் பிடிக்க நினைத்து நேராக மென்பொருளுக்குப் போன எந்த இடத்திலும் வேலை சரியாக முடிந்து நான் பார்த்ததில்லை.

பிபிஎம்என் குறிகளை எல்லாம் படிக்க வேண்டுமா?

வேண்டாம். பிபிஎம்என் என்பது வேலைப் போக்கை வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறை. 2004-ல் முதல் வடிவம் வந்தது, இன்று புழங்கும் 2.0 வடிவம் 2011-ல் வந்தது, 2013-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. குறிகள் ஏராளம். ஆனால் தொடங்குவதற்கு மெல்லிய வட்டம், முடிவதற்குத் தடித்த வட்டம், ஒரு வேலைக்கு முனை மழுங்கிய கட்டம், எந்தப் பக்கம் போவது என்பதற்கு வைரக்கட்டம், யாருடைய வேலை என்று காட்டும் நீளப் பட்டை, வெளியாருக்குப் போகும் செய்திக்கு விட்டு விட்டு இழுத்த கோடு ஆகியவை போதும். இன்னும் ஒன்றை மட்டும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடிகாரக் குறி. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை அது சொல்கிறது. நம் ஊர்ப் படங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் வரையுங்கள். சுவரில் ஒட்டுங்கள். ஃபினிஷிங் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "இப்படி இல்லை சார்" என்று கை வைத்துச் சொல்ல வேண்டும். கணினித் திரையில் இருக்கும் படத்தை அவர் திருத்த மாட்டார்.

வலைச் சேவை என்றால் இணையதளம்தானே?

இணையதளம் மனிதர் பார்ப்பதற்கு. வலைச் சேவை ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளோடு பேசுவதற்கு. இ-இன்வாய்ஸ் (இன்வாய்ஸை அரசிடம் மின்வழியில் பதிவது) போர்ட்டலில் நீங்கள் உள்ளே போய்க் கட்டங்களை நிரப்பினால் அது இணையதளப் பயன்பாடு. அதே விவரங்களை உங்கள் பில்லிங் மென்பொருள் ஜேசன் என்ற எழுத்து வடிவில் அடுக்கி அனுப்பி, இன்வாய்ஸ் குறிப்பு எண்ணையும் கையொப்பமிட்ட கியூஆர் கோடையும் திரும்ப வாங்கிக்கொண்டால் அது வலைச் சேவை. ஏபிஐ என்று இப்போது எல்லோரும் சொல்வதும் இதைத்தான்.

இங்கே முக்கியம் ஒப்பந்தம்: எந்தக் கட்டத்தில் என்ன வர வேண்டும், எது கட்டாயம், தவறினால் என்ன பதில் என்று இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொள்வது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. ஒரு மென்பொருளில் பழைய முகவரி, இன்னொன்றில் புதியது. மனிதர் இரண்டையும் ஒன்றாகவே படிப்பார். மென்பொருளுக்கு அது இரண்டு வாடிக்கையாளர்.

சோப் நல்லதா, ரெஸ்ட் நல்லதா?

இரண்டும் வலைச் சேவைகள் பேசிக்கொள்ளும் முறைகள்: சோப், விவரங்களைக் குறிச்சொற்களோடு எழுதும் எக்ஸ்எம்எல் வடிவில் பேசும் பழைய முறை; ரெஸ்ட், அதைவிட எளியது. புதிதாகச் செய்வதென்றால் ரெஸ்ட் முறையும் ஜேசனும். எதிர்த் தரப்பு சோப்தான் வைத்திருக்கிறது என்றால் சோப். சில வங்கிகளிலும் பழைய பெரிய மென்பொருள்களிலும் அது இன்னும் நன்றாகவே ஓடுகிறது. இதில் சண்டை போட நேரம் செலவிட வேண்டாம்.

கல்லூரியில் பிபெல் படித்தோம். அது இன்னும் இருக்கிறதா?

ஐபிஎம் ஒரு மொழியும் மைக்ரோசாஃப்ட் ஒரு மொழியும் வைத்திருந்தன. இரண்டையும் சேர்த்து, பிஇஏ நிறுவனமும் கூட வர, 2002-ல் உருவானது பிபெல். 2007-ல் ஒயாசிஸ் அமைப்பு அதன் 2.0 வடிவத்தைத் தரமாக வெளியிட்டது. பல வலைச் சேவைகளை எந்த வரிசையில் அழைப்பது என்று எக்ஸ்எம்எல்லில் எழுதும் மொழி அது.

அதில் ஒரு பெரிய குறை இருந்தது. மனிதர் செய்யும் வேலைக்கு அதற்குள் இடமே இல்லை. பின்னால் தனி நீட்சியாக ஒட்ட வேண்டியிருந்தது. வரைபடமும் மொழிக்குள் இல்லை. பிபிஎம்என் 2.0 வந்தபோது வரைகிற படத்தையே இன்ஜின், அதாவது படத்தைப் படித்து வேலையைப் படிப்படியாக நடத்தும் மென்பொருள், ஓட்டலாம் என்றானது. புது வேலைகள் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆனாலும் பிபெல் படித்தது வீண் இல்லை. பதில் வரும்வரை காத்திருப்பது, வந்த பதிலை எந்த ஆர்டரோடு சேர்ப்பது, நடந்ததை ஈடு செய்வது ஆகிய சிந்தனைகள் எல்லாம் இன்றைய கருவிகளிலும் அப்படியே இருக்கின்றன.

ஆர்கெஸ்ட்ரேஷன், கோரியோகிராபி என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

உங்கள் தொழிற்சாலையிலேயே இரண்டும் உண்டு. ஒரு சூப்பர்வைசர் நின்று, "இதை ஷேவிங்குக்கு எடு, அதை டிரம்மில் போடு" என்று ஒவ்வொரு லாட்டுக்கும் சொன்னால் அது ஆர்கெஸ்ட்ரேஷன். லாட் கார்டு தோலோடு சேர்ந்து போய், ஒவ்வொரு பிரிவும் கார்டைப் படித்துத் தன் வேலையை முடித்து அடுத்த பிரிவுக்கு நகர்த்தினால் அது கோரியோகிராபி.

ஒரே நிறுவனத்துக்குள் முதல் வழிதான் நல்லது என்பது என் கருத்து. ஒரு லாட் எங்கே நிற்கிறது என்று ஒரே இடத்தில் கேட்டால் பதில் கிடைக்கும். நிறுவனங்களுக்கு இடையில் அது முடியாது. கஸ்டம்ஸ் ஏஜென்டும் லாரிக்காரரும் உங்கள் சூப்பர்வைசர் சொல்லைக் கேட்க மாட்டார்கள். அங்கே செய்தியையும் அதன் வடிவத்தையும் மட்டும் ஒத்துக்கொள்ள முடியும்.

வலைச் சேவைக்கு அனுப்பினோம், பதிலே வரவில்லை. என்ன செய்வது?

பொதுவாக ஒரு முறை அடிபட்ட பிறகுதான் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது.

30 விநாடி காத்திருக்கிறீர்கள், பதில் இல்லை. உங்கள் கோரிக்கை போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்தும் அங்கே வேலை நடக்காமல் இருந்திருக்கலாம். வேலை முடிந்து, பதில் திரும்பும் வழியில் தொலைந்தும் இருக்கலாம். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே "பதில் இல்லை என்றால் மறுபடி அனுப்பு" என்று மட்டும் எழுதி வைப்பது ஆபத்து. தொடக்க காலத்தில் நானே அப்படித்தான் எழுதினேன். ஒரு சரக்கு வாகன முன்பதிவுச் சேவை மெதுவாகப் பதில் தந்த ஒரு நாளில், ஒரே லோடுக்கு இரண்டு லாரிகள் வந்து கேட்டில் நின்றன. ஒரு லாரியைச் சும்மா திருப்பி அனுப்ப முடியாது. வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த முதலாளியின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

தீர்வு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் உங்கள் பக்கத்தில் ஒரு நிரந்தர எண் வைப்பது. எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண். எதிர்த் தரப்பு அதைப் பார்த்து, இது ஏற்கெனவே வந்ததுதான் என்று புரிந்துகொள்ள வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இ-இன்வாய்ஸ்தான். விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு இந்த நான்கையும் சேர்த்து 64 எழுத்து கொண்ட குறிப்பு எண் உருவாகிறது. அதே இன்வாய்ஸை இரண்டாவது முறை அனுப்பினால் இரண்டாவது எண் பிறக்காது, இரட்டிப்பு என்ற பிழைதான் வரும். அந்தப் பிழையைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு இன்வாய்ஸ் எண்ணை மாற்றி மறுபடி அனுப்பும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரட்டிப்பு என்று வந்தால் முதல் முறையே வேலை முடிந்துவிட்டது என்று பொருள். ஆவண விவரத்தைக் கொடுத்து, அந்தக் குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. 400 வரிசைப் பிழை வந்தால் பெரும்பாலும் நீங்கள் அனுப்பியதில் தவறு, மறுபடி அனுப்பிப் பயன் இல்லை, ஒரு மனிதர் பார்க்க வேண்டும். 500 வரிசை வந்தால் அவர்கள் பக்கம் கோளாறு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் மறுபடி முயலலாம். படத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வழி இருக்க வேண்டும்.

பாதி வேலை முடிந்த பிறகு ஆர்டர் ரத்தானால் எல்லாவற்றையும் பழையபடி ஆக்க முடியுமா?

ஒரே டேட்டாபேஸுக்குள் முடியும். பல நிறுவனங்களின் சேவைகளைத் தொட்டுவிட்டால் முடியாது. போன கூரியரைப் போகாததாக ஆக்க முடியாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு படிக்கும் ஒரு எதிர்ப்படியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஹெக்டர் கார்சியா-மோலினா, கென்னத் சேலம் இருவரும் 1987-ல் இந்த முறைக்கு சாகா என்று பெயர் வைத்தார்கள். பிபிஎம்என் படத்தில் இதற்கென்று தனிக் குறி, டேப் ரெக்கார்டரின் ரீவைண்ட் பொத்தான் மாதிரி இருக்கும்.

எதிர்ப்படிகளுக்கு வரிசை உண்டு, காலக்கெடுவும் உண்டு. இ-இன்வாய்ஸை போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான். அதற்கு இ-வே பில் போட்டு அது நடப்பில் இருந்தால், முதலில் இ-வே பில்லை ரத்து செய்தால்தான் இன்வாய்ஸ் ரத்தாகும். போடும்போது இன்வாய்ஸ் முதலில், எடுக்கும்போது இ-வே பில் முதலில். 24 மணி நேரம் தாண்டிவிட்டால் வழியே வேறு: கிரெடிட் நோட், ரிட்டர்னில் திருத்தம் என்று ஆடிட்டரோடு உட்கார வேண்டும். அந்த இடத்தில் மென்பொருள் தானாக எதையும் செய்யக் கூடாது. ஆடிட்டர் பெயருக்கு ஒரு வேலையை உருவாக்கிவிட்டு நிற்க வேண்டும்.

மனிதர் முடிவெடுக்கும் இடங்களை ஆட்டோமேஷனில் எப்படிச் சேர்ப்பது?

மற்ற படிகளைப் போலவே, ஒரு கட்டமாக. யார் பெயர், என்ன பார்க்க வேண்டும், என்ன பதில்கள் சாத்தியம், எத்தனை நாள். ஷேட் சம்மதத்துக்கு நான் வைப்பது இப்படி: மூன்றாம் நாள் வாங்குபவருக்கு நினைவூட்டல், ஐந்தாம் நாள் மெர்ச்சண்டைசருக்குச் செய்தி, ஏழாம் நாள் முதலாளிக்கு. இன்ஜின் வாரக்கணக்கில் அலுக்காமல் காத்திருக்கும்.

ஜாப் ஒர்க்குக்கு (நம் பொருளை வெளியே இன்னொருவரிடம் கொடுத்து வேலை செய்து வாங்குவது) கடிகாரம் இன்னும் முக்கியம். ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி, செலான் (சரக்கோடு போகும் அனுப்புச் சீட்டு) போட்டு வெளியே அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கருதி வரி கட்டச் சொல்வார்கள், வட்டியோடு. யாரோ ஒருவரின் குடோன் மூலையில் கிடக்கும் 40 தோல் அதனால் பெரிய செலவாகிவிடும். பத்தாவது மாதம் மணி அடிக்கும்படி ஒரு கடிகாரக் குறி போட்டால் முடிந்தது.

விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஒவ்வொரு முறையும் படத்தை மாற்ற வேண்டுமா?

விதியைப் படத்துக்குள் எழுதாதீர்கள். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதலுக்கு மேல் உள்ளவர்களுக்கு வந்தது. பிறகு 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து நின்றது. வேலைப் போக்கு மாறவில்லை, எண் மட்டும் மாறியது. எண்ணைத் தனி முடிவு அட்டவணையில் வைத்தால் கணக்கரே திருத்திக்கொள்வார்.

நம் பகுதிக்கு எல்லை இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டுக்குள் சரக்கு நகர்ந்தால் 1,00,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில், மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேல். ஆனால் ஜாப் ஒர்க்குக்காகப் பக்கத்தில் இருக்கும் சித்தூருக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குப் போகும் வண்டிக்கும் ஆந்திர எல்லை தாண்டும் வண்டிக்கும் ஒரே விதி என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அட்டவணையில் இது மூன்றே வரி.

எல்லாக் கணக்கும் டேலியில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். டேலியே எக்ஸ்எம்எல் செய்தியை வாங்கிப் பதில் தரும், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் (கணினியின் இணைப்பு வாசலில்). அதை ஒரு சேவையாக வைத்துக்கொண்டு மற்றவற்றோடு இணைக்கலாம். டேலி திறந்திருக்கும் கணினி இரவில் அணைந்துவிட்டால் பதில் வராது என்பதை மட்டும் படத்தில் மறக்காதீர்கள். அந்தப் போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்தும் விடாதீர்கள்.

கரண்ட் போனால், நெட் போனால்?

நல்ல இன்ஜின் ஒவ்வொரு படி முடிந்ததும் நிலையை டேட்டாபேஸில் எழுதி வைக்கும். மறுபடி எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வாங்கும் முன் இதை நேரில் சோதித்துப் பாருங்கள்: ஒரு ஆர்டர் பாதியில் இருக்கும்போது சர்வரின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

எந்த இன்ஜின் வாங்கலாம்?

பிபிஎம்என் படத்தை ஓட்டுவதற்கு கமுண்டா, ஃப்ளோவபிள் இரண்டும் பரவலாகப் புழங்குகின்றன. இரண்டும் தொடக்கத்தில் ஆக்டிவிட்டி என்ற ஒரே திறந்த மூலத் திட்டத்திலிருந்து கிளைத்தவை. உரிம விதிகளைப் பதிப்பு பார்த்துப் படியுங்கள். இரண்டு மூன்று சேவைகளைக் கோர்த்தால் போதும் என்றால் என்8என் போன்ற எளிய கருவியே போதும். ஒரு நாளைக்கு நான்கே செலான் போடும் இடத்துக்கு எதுவும் வேண்டாம், ஒரு நல்ல நோட்டுப் புத்தகம் போதும்.

இதனால் எங்கள் ஆட்களுக்கு வேலை போய்விடுமா?

நேர்மையாகச் சொல்கிறேன்: ஒரே தகவலை மூன்று இடத்தில் தட்டச்சு செய்யும் வேலை போய்விடும். அந்த ஆள் போக வேண்டியதில்லை. ஒரு யூனிட்டில் நாள் முழுவதும் ஜாப் ஒர்க் செலான் பதிந்துகொண்டிருந்த பெண் இப்போது வித்தியாசங்களைப் பார்க்கிறார். போன தோல் எண்ணிக்கையும் வந்த தோல் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும், சதுர அடி மாறலாம். எவ்வளவு மாறினால் இயல்பு, எவ்வளவு மாறினால் யாரையாவது கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு எனக்கோ மென்பொருளுக்கோ தெரியாது. அவரை வெளியே அனுப்பியிருந்தால் அந்த அறிவும் வெளியே போயிருக்கும். முதலாளிகளிடம் இதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுகிறேன். பேச விருப்பம் இல்லாத இடத்தில் ஊழியர்கள் படம் வரைய உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அதில் தப்பும் இல்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஏற்றுமதி ஆர்டரிலிருந்து அல்ல. ஜாப் ஒர்க் செலானிலிருந்து. சிறியது, தினமும் நடப்பது, தவறினால் பணம் போவது, ஆனால் கப்பலை நிறுத்தாதது. இரண்டு வாரம் பழைய முறையையும் புதிய முறையையும் சேர்த்தே ஓட்டுங்கள். இ-வே பில், இ-இன்வாய்ஸ் இரண்டுக்கும் சோதனைத் தளம் தனியாக இருக்கிறது. உண்மையான எண்களோடு விளையாட வேண்டாம்.

ஓட ஆரம்பித்த பிறகு படத்தை மாற்றினால், பாதி வழியில் இருக்கும் லாட்டுகள் என்ன ஆகும்?

நம் தொழிலில் ஒரு ஆர்டர் முடிய வாரங்கள் ஆகும். அதனால் எந்த நாளில் மாற்றினாலும் பாதி வழியில் சில லாட்டுகள் இருக்கும். ஏற்கெனவே கிளம்பியவை பழைய படத்திலேயே முடியட்டும், புதிதாகக் கிளம்புபவை புதிய படத்தில் போகட்டும். இன்ஜின்கள் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டும். பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்றவும் வசதி உண்டு, ஆனால் அந்த லாட் புதிய படத்தில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக ஒருவர் சொல்ல வேண்டும். சுவரில் இருக்கும் பழைய சார்ட் பேப்பரையும், அந்தப் பதிப்பின் கடைசி லாட் கேட்டைத் தாண்டும் வரை கிழிக்காதீர்கள்.